பட்டியலில் விடுபட்ட எண்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களெனப் போற்றுவது தமிழ் மரபு. ஆயினும் இலக்கிய அரங்குகளில் எழுத்துக்குக் கிடைக்கும் இடம் எண்ணுக்குக் கிடைப்பது அரிது. சீனிவாச இராமானுஜனைப் பற்றிப் பேச நேரும் மேடைகளிலும் பேச்சு பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு நின்றுவிடுகிறது. நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளால் அவருக்குச் சூத்திரங்கள் கிட்டின என்பது ஒன்று. நோயுற்றிருந்த அவரைக் காண வந்த பேராசிரியர் ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகை வண்டியின் எண் 1729 என்று கூற, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவகையில் எழுதத்தக்க எண்களுள் அதுவே மிகச் சிறியது என அவர் அப்போதே விடையிறுத்தார் என்பது மற்றொன்று. இரண்டும் கேட்போரை வியக்கச் செய்வன. ஆனால் இரண்டிலும் அந்த மனிதரின் உழைப்பு கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

1729ஐக் காட்டிலும் மிகப் பெரியதோர் எண் இராமானுஜன் வரலாற்றில் உண்டு. அது 2,93,31,86,25,600. சொல்லால் எழுதின், இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. இந்த எண் மேடை ஏறுவதில்லை. இது இராமானுஜன் கண்டு சொன்ன எண் அன்று. அவர் காணாது விட்ட எண். 1915ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பட்டியல் ஒன்றில் இடம்பெற்றிருக்க வேண்டியது, இடம்பெறாமற் போயிற்று. இவ்வெண்ணின் இயல்பையும், அது சேரும் வகைகளையும், அது விடுபட்ட இடத்தையும் நோக்குவதன்வழி அந்த மேதையின் உழைப்பை அறிய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பகுபடும் எண்ணின் பெருமை

முழு எண்களை வகைப்படுத்தும் முயற்சி மிகப் பழமையானது. ஒற்றை, இரட்டை என்பது முதல் வகைப்பாடு. பகா எண், பகு எண் என்பது அடுத்தது. 1ஆலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதது பகா எண். 2, 3, 5, 7, 11 என அவ்வரிசை முடிவின்றிச் செல்லும். ஏனையவை, 1 நீங்கலாக, பகு எண்கள். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வாழ்ந்த கிரேக்க அறிஞர் நிக்கோமாக்கஸ் மற்றொரு பாகுபாட்டை விளக்கினார். ஓர் எண்ணைவிடச் சிறியனவாய் அதனை வகுக்கும் எண்களையெல்லாம் கூட்டினால் வரும் தொகை, அவ்வெண்ணுக்குச் சமமாயின் அது நிறைவெண், குறைவாயின் குறைவெண், மிகுதியாயின் மிகையெண். 6 நிறைவெண், 8 குறைவெண், 12 மிகையெண்.

கணித வரலாற்றில் பகா எண்களுக்கே பெரும்புகழ். பகுக்க இயலாதது என்னும் தன்மையில் ஒரு தனிச்சிறப்பு இருப்பதாக மனிதமனம் கருதுகிறது. ஆனால் அன்றாட வாழ்க்கைக்குக் கைகொடுத்தவை பகா எண்கள் அல்ல. பங்கிடவும் அளக்கவும் மனிதன் தேர்ந்தெடுத்தவை எளிதில் பகுபடும் எண்களே. வட்டத்திற்கு 360 பாகை. நாளுக்கு 24 மணி. மணிக்கு 60 நிமிடம். தமிழர் கணக்கிலும் நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை. ஆண்டுகளின் சுழற்சியும் 60. பாதியாகவும், மூன்றில் ஒன்றாகவும், நான்கில் ஒன்றாகவும் மீதியின்றிப் பிரித்துக்கொள்ள இவ்வெண்கள் இடந்தருகின்றன.

12ஐ எடுத்துக்கொள்வோம். அதனை மீதியின்றி வகுப்பவை 1, 2, 3, 4, 6, 12 என ஆறு எண்கள். 12க்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் இல்லை. இவ்வாறு தனக்கு முன்னுள்ள எல்லா எண்களையும்விட மிகுதியான வகுஎண்களை உடைய எண்ணை உயர்பகு எண் எனலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 எனத் தொடங்கும் அந்த வரிசை மேலே செல்லச் செல்ல மிக அருகிக் காணப்படும். நாளைக் குறிக்கும் 24உம், நாழிகையைக் குறிக்கும் 60உம், பாகையைக் குறிக்கும் 360உம் இவ்வரிசையில் உள்ளவை. பகா எண்ணுக்கு நேர் எதிர்முனையில் நிற்பவை இவை. பகுபடாமையின் உச்சம் அது; பகுபடுதலின் உச்சம் இது. இந்த எதிர்முனையையே இராமானுஜன் தம் ஆய்வுக்குரிய களமாகத் தேர்ந்தார்.

கும்பகோணம் முதல் கேம்பிரிட்ஜ் வரை

1887 திசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுஜன். 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்து நின்றமையால் ஆங்கிலத்தில் தேறாது உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தும், 1907இல் எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தோல்வியே கண்டார். பட்டம் இல்லை, ஆகவே வேலையும் இல்லை. தாள் வாங்கப் பொருளின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார் என்று அவரை அறிந்தோர் குறித்துள்ளனர். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

1913 சனவரி 16ஆம் நாள் அவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய மடல் அவருடைய வாழ்வைத் திருப்பியது. 1914 மார்ச் 17இல் சென்னையில் கப்பலேறி ஏப்ரல் 14இல் இலண்டன் சேர்ந்தார். சேர்ந்த சில திங்களில் முதல் உலகப்போர் மூண்டது. கல்லூரி மாணவர் பலர் போர்முனைக்குச் சென்றனர். மரக்கறி உணவுக்கே அல்லற்பட்ட அந்த நாள்களில், டிரினிட்டிக் கல்லூரி அறையில் தனித்திருந்து அவர் எழுதி முடித்த நீண்ட ஆய்வே உயர்பகு எண்களைப் பற்றியது. 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கைத் தொகுதியில் 63 பக்கங்களில் அது வெளிவந்தது. இந்த ஆய்வையே சான்றாகக் கொண்டு 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆய்வுவழி இளங்கலைப் பட்டம் வழங்கியது. கும்பகோணத்திலும் சென்னையிலும் தேர்வுகளால் மறுக்கப்பட்ட பட்டம், தேர்வெதுவும் இன்றி, பகு எண்களின் வழியாக அவர் கைக்கு வந்தது.

ஹார்டி இந்த ஆய்வைக் கணிதப் பேராற்றின் முதன்மை ஓட்டத்திலிருந்து ஒதுங்கிய பகுதியாகவே கருதினார். ஆயினும் அதில் வெளிப்படும் ஆற்றலை அவர் குறைத்து மதிப்பிடவில்லை. ஒதுங்கிய நீர்நிலையாயினும் அதன் ஆழம் பின்னாளிலேயே உலகுக்குப் புலப்பட்டது.

இலக்கணமும் பட்டியலும்

ஓர் எண்ணுக்கு எத்தனை வகுஎண்கள் என்பதை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக ஒரே ஒரு வகையில்தான் எழுத இயலும். 12 என்பது 2² × 3. அடுக்குகள் முறையே 2, 1. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 3 × 2 = 6. இதுவே வகுஎண்களின் தொகை. அடுக்குகளை அறிந்தால் போதும். வகுஎண்களின் எண்ணிக்கை தானே வந்து நிற்கும்.

உயர்பகு எண்ணின் அடுக்குகள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு இராமானுஜன் இலக்கணம் வகுத்தார். 2இல் தொடங்கிப் பகா எண்கள் இடைவிடாது வரவேண்டும். சிறிய பகா எண்ணின் அடுக்கு, பெரிய பகா எண்ணின் அடுக்கைவிடக் குறைதல் ஆகாது. இறுதியாக வரும் பகா எண்ணின் அடுக்கு ஒன்றாகவே இருக்கும். இவ்விதிக்கு 4, 36 என்னும் இரண்டே விலக்குகள். அடுத்தடுத்த இரண்டு உயர்பகு எண்களின் விகிதம், வரிசை நீள நீள ஒன்றை நெருங்கும் என்பதையும் நிறுவினார். உயர்பகு எண்களுள்ளும் தலைமை சான்ற ஓர் உட்பிரிவை வகுத்து அதன் அமைப்பை முழுமையாகக் காட்டினார். அவற்றை மேலுயர்பகு எண்கள் எனலாம்.

இலக்கணம் வகுத்ததோடு அவர் அமையவில்லை, இலக்கியமும் காட்டினார். 2 முதல் 67,46,32,83,88,800 வரை 102 உயர்பகு எண்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் பகாக் காரணிகளையும் வகுஎண் தொகையையும் தந்தார். இறுதி எண்ணுக்கு வகுஎண்கள் 10,080. கணிப்பொறி இல்லாத காலம் அது. இலக்கணம் துணைசெய்தாலும், அது ஐயத்திற்குரிய எண்களின் கூட்டத்தைச் சுருக்கித்தான் தரும். எஞ்சியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது முந்தியது, எதற்கு வகுஎண் மிகுதி என்று கையால் கணக்கிட்டே துணிய வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட எண்களை இவ்வாறு நூற்றுக்கும் மேற்பட்ட படிகளில் நிரல்படுத்தியது கனவில் கிட்டிய காட்சி அன்று. இரவும் பகலும் உழைத்த உழைப்பு.

அந்தப் பட்டியலில் 2,93,31,86,25,600 இல்லை.

விடுபட்ட எண்ணின் இயல்பு

இவ்வெண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 என வரும். அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. இராமானுஜன் வகுத்த இலக்கணத்தின் ஒவ்வொரு விதியும் இதற்குப் பொருந்துகிறது. அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. வகுஎண்கள் 5,040. இதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் இத்துணை வகுஎண்கள் இல்லை.

பிற வகைப்பாடுகளிலும் இதன் இடம் நோக்கத்தக்கது. நிக்கோமாக்கஸின் பாகுபாட்டில் இது மிகையெண். அதிலும் பெருமிகை உடையது. தன்னை நீக்கிய ஏனைய வகுஎண்களின் கூட்டுத்தொகை இவ்வெண்ணைப் போல் நான்கரை மடங்குக்கும் மேற்படும். இதன் இலக்கங்களைக் கூட்டினால் 45. அந்த 45 இவ்வெண்ணை மீதியின்றி வகுக்கும். தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களுக்கு, மகாராட்டிரத்துத் தேவளாலியில் பள்ளியாசிரியராக இருந்த காப்ரேக்கர், மகிழ்ச்சி தருவன என்னும் பொருளில் 'ஹர்ஷத' எண்கள் எனப் பெயரிட்டார். அந்த வகையிலும் இது அடங்கும்.

இன்னும் ஒரு நயம் உண்டு. 1 முதல் 10 வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண் 2520. அதனை அதனாலேயே பெருக்கி, வந்த தொகையை 11, 13, 17, 19 ஆகிய நான்கு பகா எண்களாலும் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். ஆகவே 1 முதல் 22 வரையுள்ள ஒவ்வோர் எண்ணும் இதனை மீதியின்றி வகுக்கும். முதல் தடை 23இல் நேர்கிறது. இந்த 23ஐ நினைவில் இருத்துதல் வேண்டும். விடுபட்ட வரலாற்றின் திறவுகோல் அதுவே.

கவிஞர்க்கு உவப்பான அமைப்பொன்றும் இதனுள் இருக்கிறது. இவ்வெண்ணின் வகுஎண்கள் 5040. அந்த 5040உம் ஓர் உயர்பகு எண். அதன் வகுஎண்கள் 60. அறுபதும் உயர்பகு எண். அதன் வகுஎண்கள் 12. பன்னிரண்டும் அவ்வாறே, அதன் வகுஎண்கள் 6. ஆறும் அவ்வாறே, அதன் வகுஎண்கள் 4. நான்கும் அவ்வரிசையினதே, அதன் வகுஎண்கள் 3. மூன்று பகா எண்ணாதலின் தொடை அங்கே முடிகிறது. ஒரு பாடலின் முடிவு அடுத்த பாடலின் தொடக்கமாகும் அந்தாதியைப் போல, ஓர் உயர்பகு எண்ணின் வகுஎண் தொகையே அடுத்த உயர்பகு எண்ணாகத் தொடுக்கப்பட்டிருப்பது வியப்பே.

அண்டை எண்கள்

பட்டியலில் இவ்வெண் நிற்க வேண்டிய இடத்திற்கு முன்னுள்ளது 2,40,94,02,99,600. அதன் வகுஎண்கள் 4,800. பின்னுள்ளது 3,21,25,37,32,800, அதன் வகுஎண்கள் 5,376. இரண்டையும் காரணிப்படுத்தினால் ஓர் உண்மை தோன்றும். முன்னது 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23. பின்னது 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23. இரண்டிலும் 23 உண்டு. இரண்டிலும் 7 ஒருமுறையே உண்டு. இடையில் நிற்க வேண்டிய எண்ணில் மட்டும் 23 இல்லை. 7 இருமுறை வருகிறது.

உயர்பகு எண்களின் வரிசையில் புதியதொரு பகா எண் நுழையும்போது அது ஒரேயடியாக நுழைந்து நிலைபெறுவதில்லை. சில எண்களில் வரும், அடுத்ததில் மறையும், மீண்டும் வரும். புதிய பகா எண்ணைச் சேர்த்தல் நன்றா, பழைய பகா எண்களின் அடுக்கை உயர்த்துதல் நன்றா என்னும் போட்டி அங்கே நிகழ்கிறது. 23 நுழையும் வாயிலில் அத்தகைய போட்டி நடக்கிறது. முன்னுள்ள எண்ணிலிருந்து 23ஐ எடுத்துவிட்டு 28ஐப் பெருக்கினால் விடுபட்ட எண் வரும். விடுபட்ட எண்ணிலிருந்து 21ஐ எடுத்துவிட்டு 23ஐப் பெருக்கினால் பின்னுள்ள எண் வரும். இரண்டு குடும்பங்கள் ஒன்றனுள் ஒன்று பின்னிச் செல்லும் அந்த இடத்தில், 23ஐ உடைய குடும்பத்தின் இரண்டு எண்களுக்கு நடுவே, 23 இல்லாத குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று ஒதுங்கி நின்றது. மேலும் பின்னுள்ள 3,21,25,37,32,800 வெறும் உயர்பகு எண் அன்று. இராமானுஜன் தனியே பிரித்துச் சிறப்பித்த மேலுயர்பகு எண்களுள் ஒன்று. தலைமை சான்ற அதன் நிழலில் நின்றதாயிற்று, விடுபட்ட எண்.

இதனினும் வியப்பான செய்தி இனித்தான் வருகிறது. விடுபட்ட எண்ணை அதனிடம் இல்லாத அந்த 23ஆல் பெருக்கினால் கிடைப்பது 67,46,32,83,88,800. இராமானுஜன் பட்டியலின் இறுதியில் முத்தாய்ப்பாக நிற்கும் எண் இதுவே. 5,040இன் இருமடங்காகிய 10,080 வகுஎண்கள் அதற்கு வாய்த்தது இதனாலேயே. இடையில் விடுபட்டது, இறுதியில் வைக்கப்பட்டதனுள் முழுமையாக அடங்கியிருக்கிறது. பட்டியலின் கடைசி எண்ணை 23ஆல் வகுப்பவர் எவரும் அதனைக் கண்டுகொள்ளலாம்.

ஐயாயிரத்து நாற்பதின் கதை

விடுபட்ட எண்ணின் வகுஎண் தொகையாகிய 5040க்குத் தனி வரலாறு உண்டு. கிரேக்க மெய்யியலறிஞர் பிளேட்டோ, 'சட்டங்கள்' என்னும் தம் இறுதி நூலில், தாம் கற்பனை செய்த நகரில் 5040 குடும்பங்கள் இருத்தல் வேண்டும் என்றார். நிலத்தைப் பங்கிடவும், போருக்கும் அமைதிக்கும் மக்களைப் பிரிக்கவும் இவ்வெண் ஏற்றது. தன்னை நீக்கி 59 எண்களால் வகுபடுவது. 1 முதல் 10 வரை எல்லா எண்களுக்கும் இடந்தருவது என்பது அவர் கருத்து. 11ஆல் மட்டும் வகுபடாதே எனில், இரண்டு குடும்பங்களைக் கழித்தால் அதுவும் இயலும் என்று அவர் அமைதி கூறினார். 5038ஐ 11ஆல் வகுத்தால் 458 வருதல் காண்க. இராமானுஜனுக்கு ஏறத்தாழ இரண்டாயிரத்து இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஓர் உயர்பகு எண்ணின் பயனை ஒருவர் நகர அமைப்புக்குப் பயன்படுத்த நினைத்தார் என்பது இதனால் விளங்கும்.

5040 மீண்டும் ஒருமுறை கணித வரலாற்றில் தலைகாட்டியது. 1859இல் செருமானியக் கணித அறிஞர் ரீமான் முன்வைத்த கருதுகோள் பகா எண்களின் பரவலைப் பற்றியது, இன்றளவும் நிறுவப்படாதது. 1984இல் பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் ராபின் ஒரு தேற்றத்தை வெளியிட்டார். ஓர் எண்ணின் வகுஎண்களையெல்லாம் கூட்டினால் வரும் தொகை ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டாது என்பது 5040ஐவிடப் பெரிய எல்லா எண்களுக்கும் உண்மையாயின் ரீமான் கருதுகோள் மெய். ஓர் எண்ணிலேனும் பிழைத்தால் அது பொய் என்பது அதன் சாரம். பிளேட்டோவின் நகர எண், பகா எண்களைப் பற்றிய பெரும்புதிருக்கு எல்லைக்கல்லாக நிற்கிறது. விடுபட்ட எண்ணின் வகுஎண் தொகையும் அதுவாக அமைந்தது தற்செயலே. ஆயினும் பகுபடுதலை ஆராய்ந்த வழி பகாமையின் மறைபொருளுக்கே இட்டுச்செல்கிறது என்பது தற்செயல் அன்று.

அச்சேறாத பகுதி

ராபினின் தேற்றத்திற்கும் இராமானுஜனின் 1915ஆம் ஆண்டு ஆய்வுக்கும் நேரான உறவுண்டு. அவர் எழுதிய ஆய்வு முழுவதும் அன்று அச்சாகவில்லை. இலண்டன் கணிதக் கழகம் அப்போது பொருள் நெருக்கடியில் இருந்தமையால் ஆய்வின் பிற்பகுதி நிறுத்திவைக்கப்பட்டது. ரீமான் கருதுகோள் மெய்யெனக் கொண்டால், வகுஎண்களின் கூட்டுத்தொகை போதுமான அளவு பெரிய எண்களுக்கு அந்த வரம்புக்குள்ளேயே அடங்கும் என்னும் முடிவு, அச்சேறாத அந்தப் பகுதியிலேயே இருந்தது. 1944இல் அலாவோக்லுவும் பால் ஏர்டிஷும் வகுஎண்களின் கூட்டுத்தொகையில் உச்சம் தொடும் எண்களைத் தனியே ஆராய்ந்து வெளியிட்டனர். அந்த நிலத்தில் இராமானுஜன் முன்னரே நடந்துசென்ற சுவடு கையெழுத்துப்படியில் உறங்கிக்கொண்டிருந்தது.

1920 ஏப்ரல் 26இல், 32 வயதில், இராமானுஜன் சென்னையில் மறைந்தார். 1988இல் புதுதில்லி நரோசா பதிப்பகம் அவருடைய 'தொலைந்த குறிப்பேட்டையும்' அச்சேறாத பிற தாள்களையும் நிழற்பட வடிவில் வெளியிட்டபோது உயர்பகு எண் ஆய்வின் எஞ்சிய பகுதியும் வெளிச்சம் கண்டது. 1997இல் நிக்கோலாவும் ராபினும் அதனைக் குறிப்புரையுடன் பதிப்பித்தனர். இராமானுஜன் பெயரால் தொடங்கிய கணித இதழின் முதல் தொகுதியில் அது இடம்பெற்றது. எழுதி 82 ஆண்டுகள் கழித்து முழுமை பெற்ற ஆய்வு அது.

ஏடும் எண்ணும்

இராமானுஜன் பயின்ற கும்பகோணம் கல்லூரிக்கும் தமிழ்ப் பதிப்பு வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு இங்கு எண்ணத்தக்கது. அதே கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழாசிரியராக இருந்தவர் உ.வே. சாமிநாதையர். புறநானூற்றை 1894இலும் ஐங்குறுநூற்றை 1903இலும் அவர் பதிப்பித்தார். அவர் சென்னைக்குப் பணிமாறிய மறு ஆண்டு இராமானுஜன் அக்கல்லூரியில் அடியெடுத்து வைத்தார். காவிரிக்கரையின் ஒரே கல்லூரியில், ஒருவர் பாடல்களின் நிரலை மீட்டார். மற்றவர் எண்களின் நிரலைத் தேடத் தொடங்கினார்.

தமிழ் கற்றோர்க்கு விடுபாடு புதியதன்று. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்கள் இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இல்லை. அந்த இடங்களை வேறு பாடல்களால் நிரப்பி, எண்களை மாற்றி, குறை தெரியாமல் மறைத்திருக்கலாம். தமிழ்ப் பதிப்பு நெறி அவ்வாறு செய்யவில்லை. இல்லாத பாடலுக்கும் அதன் எண்ணை விட்டுவைத்தது. 266க்குப் பின் 269 வரும்போது கற்பவன் ஒரு கணம் நின்று, இழந்ததை எண்ணிவிட்டே மேலே செல்கிறான். இல்லாமையைப் பதிவு செய்தலும் பதிப்பாளனின் கடமை என்பதை அந்நெறி உணர்த்துகிறது.

இராமானுஜனின் பட்டியலில் அத்தகைய வெற்றிடம் விடப்படவில்லை. 4,800க்கு அடுத்து 5,376 என்று எவ்வித இடைவெளியும் இன்றி அது தொடர்ந்து சென்றது. தாம் ஒன்றை விட்டுவிட்டதை அவர் அறிந்திருந்தால் சேர்த்திருப்பார். அறியாமற் போனமையே பிழையின் இயல்பு. ஆனால் பாடலுக்கும் எண்ணுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஏடு அழிந்தால் பாடல் அழியும்; புலவனே மீண்டும் பிறந்துவந்தாலும் புறநானூற்றின் 267ஆம் பாடலை அதே சொல்லில் பாடித்தருதல் இயலாது. எண் அவ்வாறன்று. ஏட்டில் இல்லாவிடினும் தன் இடத்தில் அது நின்றுகொண்டே இருக்கும். இலக்கணம் கைவசம் இருந்தால் எவரும் சென்று அதனை அழைத்துவரலாம். அந்த இலக்கணத்தைக் கொடுத்தவர் இராமானுஜனே.

எனவே இந்த விடுபாட்டைச் சுட்டுவது மேதைக்கு இழுக்கு ஆகாது. 102 எண்களை நிரல்படுத்திய கைக்கு ஒன்று தப்பியது. அது தப்பியதென்று தெளியும் அளவுகோலையும் அந்தக் கையே செய்துவைத்தது. தெய்வ அருளால் மட்டுமே எல்லாம் கிட்டியது என்று கூறினால் இந்தப் பிழைக்குப் பொருளில்லை. 102 வெற்றிகளுக்கும் பொருளில்லை. அவர் கணக்கிட்டார், ஒப்பிட்டார், அழித்து எழுதினார், ஓரிடத்தில் தவறினார். ஆகவே அவர் அடைந்த எஞ்சிய முடிவுகள் அனைத்தும் அவருடைய உழைப்பின் பயன்கள் என்று துணிந்து கூறலாம். வியந்து கைகூப்புவதோடு நின்றுவிடாமல், தாளும் எழுதுகோலும் எடுத்து அவருடைய பட்டியலைத் தொடர்ந்து செல்வதே அவரைக் கற்கும் முறையாகும்.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டங்கள் மலர் தொகுக்கும்போது பெயர்களை நிரல்படுத்துவது வழக்கம். எத்துணை விழிப்போடு தொகுத்தாலும் ஓரிரு பெயர்கள் விடுபடுவதும் வழக்கம். தொகுத்தவர் மீது சினம் கொள்ளவும் வேண்டா. விடுபட்டதை மறைக்கவும் வேண்டா. 67,46,32,83,88,800 என்னும் எண்ணைத் தாளில் எழுதி 23ஆல் வகுத்துப் பார்த்தல் போதும். மீதி ஏதுமின்றி வரும் ஈவே, ஒரு நூற்றாண்டுக்கு முன் இராமானுஜன் எழுத விட்ட எண்.